கத்தியோடு நாலு சாமான்

என் இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தழும்பு இருக்கிறது. வெயிலில் கை கறுக்கும்போது அது மட்டும் வெளுத்துத் தெரியும். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் வந்த தழும்பு. அச்சங்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலிப்படலை ஒட்டி ஒரு சீமைக்கருவேலத் தூர் நின்றது. மரத்தைத் தாத்தா ஏற்கெனவே வெட்டியிருந்தார். தூரை நானே பிடுங்கிக் காட்டுகிறேன் என்று வெறும் அரிவாளோடு போனேன். அரிவாள் மூக்கைத் தூருக்கும் மண்ணுக்கும் நடுவில் செருகி, பிடியில் கையைக் கொடுத்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினேன். கரிசல் மண் சித்திரையில் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் களியாகக் காலில் ஒட்டுகிற அதே மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துச் செங்கல்லாக நிற்கும். தூர் அசையவில்லை. ‘டக்’கென்று அரிவாள் மூக்கு ஒடிந்தது. அழுத்திய வேகத்தில் கை வழுக்கி, மிச்சமிருந்த வாயில் போய் இறங்கியது.

தாத்தா ஓடிவந்தார். வாய்க்கால் ஓரம் முளைத்துக் கிடந்த வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் புண்ணில் பிழிந்தார். தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினார். சாத்தூர் ஆஸ்பத்திரியில் நாலு தையல். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒடிந்த அரிவாளை எடுத்து மடியில் வைத்து, அதன் வாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“அருவா வெட்டுற சாமான்யா. அதைப் போயி நெம்பச் சொன்னா அது என்ன செய்யும்? கடப்பாரை மூலையிலதான நின்னுச்சு. அதைத் தூக்கிட்டுப் போக உனக்கு மேலு வலிச்சது.”

அது உண்மை. கடப்பாரை கனம். அரிவாள் கைக்கு லேசு. அரிவாளைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தால் பெரிய ஆள் மாதிரி இருக்கும். கடப்பாரையைத் தூக்கினால் கூலிக்காரன் மாதிரி இருக்கும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கு மட்டும் இருந்ததல்ல என்பது பிற்பாடு கடை வைத்தபோது தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும். பெய்யாத வருஷம் முள்வெட்டும் கரிமூட்டமும்தான் சோறு போடும். எங்கள் வட்டாரத்தில் மழை பெய்யாத வருஷமே அதிகம். அதனால் தாத்தாவை நான் உழுகிறவராகப் பார்த்ததைவிட முள் வெட்டுகிறவராகப் பார்த்ததுதான் அதிகம். அவர் விடியக் காலையில் புறப்படும்போது தோளில் கடப்பாரை இருக்கும். அதன் நுனியில் ஒரு யூரியா சாக்கு தொங்கும். அந்தச் சாக்குக்குள் இருப்பது என்னென்ன என்று கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். காம்பு கழற்றிய கோடாலித் தலை. தேய்ந்த அரம் ஒன்று. தீட்டுக்கல். பத்து முழம் கத்தாழைக் கயிறு. லாரி டயரில் தைத்த செருப்பு, அது வேலைக்காட்டில் மட்டும் போடுவது. இரண்டு ஆப்பு, ஒன்று இரும்பு, ஒன்று மரம். ஒரு தகர டப்பாவில் விளக்கெண்ணெய். கையில் தொரட்டிக் கம்பும் கவட்டைக் கம்பும். அரிவாள் இவற்றோடு சாக்கில் இருக்காது. அது இடுப்பில், பின்பக்கம்.

இன்னொரு சாமானையும் சொல்ல வேண்டும். அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன வளையம். அதில் மூன்று கோத்திருக்கும்: முள்வாங்கி, குறும்பிவாங்கி, ஒரு கோணூசி. முள்வாங்கி இல்லாமல் அவர் வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. சீமைக்கருவேல முள் குத்தினால் நுனி உள்ளே ஒடிந்து நின்றுவிடும். அதை அங்கேயே, அந்த நேரமே எடுக்காவிட்டால் ராத்திரிக்குள் வீங்கிக் காலை ஊன்ற முடியாது. மறுநாள் கூலி போச்சு. கத்தி முனையால் தோண்டி எடுக்கிறேன் என்று புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கோணூசியால் தோலை லேசாக விலக்கிவிட்டு, முள்வாங்கியால் இழுத்துவிட்டு, ஒரு சொட்டு விளக்கெண்ணெய். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகாது.

முள் வெட்டுவதை ஏதோ மூர்க்கமான வேலை என்று நினைக்கிறோம். தாத்தா வெட்டுவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மரத்தை முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காற்று எந்தப் பக்கம், கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். பிறகு இடது கையால் கவட்டைக் கம்பை நீட்டி வெளிக்கிளையை அணைத்துத் தள்ளிப் பிடிப்பார். கிளை விறைத்து நிற்கும். அந்த விறைப்பில், அடியில் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டிய கிளையைக் கையால் தொடவே மாட்டார். தொரட்டியால் கொத்தி இழுத்து ஒரு பக்கமாக அடுக்குவார். உள்ளே போகப் போகக் கிளை தடிக்கும். மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் போனதும் அரிவாளைக் கீழே வைத்துவிடுவார். கோடாலிக்குக் காம்பு மாட்டுவார். அடிமரம் விழுந்ததும் கோடாலியும் ஓய்ந்துவிடும். பிறகு தூருக்கு மண்வெட்டியும் கடப்பாரையும். சுற்றிலும் மண்ணைப் பறித்து, பக்கவேரைக் கோடாலியால் துண்டித்து, அதற்குப் பிறகுதான் கடப்பாரை போட்டு நெம்புவார். தூரை விட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பத்துக் குச்சி துளிர்த்து நிற்கும். அப்படிப்பட்ட மரம் அது.

2017-ஆம் வருஷம் சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது. ஊர் ஊராக இளைஞர்கள் அரிவாளோடு புறப்பட்டார்கள். நல்ல மனசோடுதான் புறப்பட்டார்கள். கொஞ்ச மாதத்தில் உயர்நீதிமன்றமே அதற்கு இடைக்காலத் தடையும் போட்டது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. எங்கள் ஊர்ப் பக்கம் அரிவாளால் மட்டும் வெட்டிப்போட்ட இடமெல்லாம் அடுத்த வருஷமே முன்னைவிட அடர்ந்து நின்றது. ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கிய ஒன்றிரண்டு கண்மாய்க்கரை மட்டும் கொஞ்சகாலம் வெளுத்துக் கிடந்தது.

ஒடிந்த அரிவாளைத் தாத்தா தூக்கிப் போடவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கொல்லாசாரி பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையில் கட்டோடு போனேன். ஆசாரி ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே உப்பைத் தூவியது போல மின்னியது. லாரிக்கு அடியில் இருக்கும் வில்லுப்பட்டையை அறுத்துக் காய்ச்சி அடித்த அரிவாள் அது. வாய்ப்பக்கத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் துவைச்சல் ஏற்றுவார்கள். துவைச்சல் ஏறினால் வாய் கெட்டிப்படும், கூர் நிற்கும். கெட்டிப்பட்ட இரும்புக்கு வளையத் தெரியாது. நேராக வெட்டினால் நூறு கிளை தாங்கும். பக்கவாட்டில் ஒரு நெம்பு தாங்காது. கடப்பாரை அப்படியில்லை, அதை வளைக்கவும் செய்யலாம், மறுபடி அடித்து நிமிர்த்தவும் செய்யலாம். “ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் வச்சு அடிக்கிறோம் தம்பி. நீங்க எல்லாத்துக்கும் ஒண்ணையே தூக்குனா நாங்க என்ன செய்ய?” என்றார் ஆசாரி. துருத்தியை மிதித்துக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னார். மூக்கைத் தேய்த்து மழுக்கி, அதையே ஒரு குட்டை அரிவாளாக ஆக்கித் தந்தார். இன்னும் வீட்டில் இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பனையேறி மாமா இருந்தார். உறவு கிடையாது, ஊர் முறைக்கு மாமா. கத்தியோடு கூட என்ன வேண்டும் என்பதை அவரிடம் பார்த்ததுபோல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் இடுப்பில் ஒரு அரிவாள்பெட்டி கட்டியிருப்பார். அதற்குள் இரண்டு அரிவாள். ஒன்று மட்டை அரிவாள், ஓலையும் மட்டையும் கழிக்க. இன்னொன்று பாளை அரிவாள், பாளையைச் சீவ மட்டும். பாளை அரிவாளால் மட்டையைத் தொடமாட்டார். ஒரு தடவை தொட்டால் அதன் வாய் போய்விடும். வாய் போன அரிவாளால் பாளையைச் சீவினால் நார் நசுங்கி, பதநீர் சொட்டுவது குறைந்துபோகும். தாள் கனத்துக்குச் சீவ வேண்டும் அது. கூடவே பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் மரக்கடிப்பு. ஆண்பனைக்கு ஒன்று, பெண்பனைக்கு ஒன்று. கலயத்துக்குள் பூச ஒரு குடுவையில் சுண்ணாம்பு. காலுக்குத் தளைநார். சாய்த்து ஊன்றி மரத்தில் ஏறிக்கொள்ள முருக்குத்தடி. கீழே மரத்தடியில் தீட்டுப்பலகையும் வெங்கச்சங்கல் பொடியும் இருக்கும். ஒவ்வொரு மரம் இறங்கியதும் பலகையில் பொடியைத் தூவி நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்த மரம்.

எந்த மரத்திலும் பாதியில் நின்றுகொண்டு “அதை எடுத்துப் போடுய்யா” என்று அவர் கீழே கேட்டு நான் கேட்டதில்லை. பனை உச்சியில் நிற்கிறவனுக்கு ஒரு சாமான் குறைந்தால், கையில் இருக்கிறதை வைத்து ஒப்பேற்றத் தோன்றும். ஒப்பேற்றப் போனவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில், 2022 முதல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. பையன்களோடு நானும் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள் இவற்றோடு சங்கு வளையல் துண்டுகள் குவியலாக இருந்தன. ஒவ்வொரு துண்டின் ஓரமும் இழைத்த மாதிரி நேராக இருந்தது. சங்கு எவ்வளவு கெட்டி என்று அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தியால் ஆகிற வேலை இல்லை, வாளரம் வேண்டும். அதற்குத் தண்ணீரும் மணலும் பொறுமையும் வேண்டும். என் பையன்கள் தங்கத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அறுத்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனிப் பட்டாசு.

பிளஸ் டூ முடித்து, பதினெட்டு நிறைந்த வருஷம், சித்தி வேலை பார்த்த பட்டாசு ஆலையில் எனக்கும் ஒரு இடம் வாங்கித் தந்தார். எங்கள் பக்கம் மழை இல்லாவிட்டால் மூட்டம், மூட்டம் இல்லாவிட்டால் பட்டாசு. முதல் நாள் வாசலில் சோதனை. பீடி, தீப்பெட்டி, இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது. அரைஞாணில் தொங்கிய பின்னூசியைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். அறைக்கு நாலு பேர்தான். ஒரு அறைக்கும் மறு அறைக்கும் நடுவில் இடைவெளி. தரையில் ரப்பர் விரிப்பு. நுழையும்போது வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். உள்ளே மரக்கரண்டி, மரத்தட்டு, கொட்டாப்புளி, பித்தளை வளையம் போட்ட சல்லடை. எங்களுக்குத் திரி வெட்டுகிற வேலை. அதற்குக் கொடுத்தது பித்தளைத் தகட்டில் செய்த கத்தி.

பித்தளைக் கத்திக்கு இரும்பின் கூர் வராது. வந்தாலும் நிற்காது. ஐந்து கட்டு வெட்டினால் மழுங்கிவிடும். மழுங்கினால் திரி நசுங்கும், அளவு பிசகும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. பக்கத்தில் சித்தியின் கை பறக்கும். என் கட்டு பாதிகூட ஆகியிருக்காது. பத்துப் பதினைந்து நாள் பொறுத்தேன். ஒருநாள் தாத்தா கொடுத்திருந்த மடக்குக் கத்தியைச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியில், சோற்றுக்கு அடியில் வைத்து உள்ளே கொண்டுபோனேன்.

அந்தக் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மூன்று கட்டு வெட்டியிருப்பேன். நாலாவது கட்டை எடுக்கும்போது அறையில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தேன். மற்ற மூன்று பேர் கையும் நின்றிருந்தது. சித்தி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் அலுமினியப் பொடி படிந்து வெள்ளியில் வார்த்த மாதிரி இருந்தது. கண் மட்டும் கறுப்பு. அவர் கத்தவில்லை. எழுந்திருக்கவில்லை. அதட்டினால் நான் பதறிக் கத்தியைக் கீழே போட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

“அதை மெதுவா மடக்கு. மடியில வை. எந்திரி. காலை இழுக்காம நட.”

வெளியே வந்து, வேப்பமரத்தடியைத் தாண்டி, மணல்வாளிகள் வைத்திருந்த இடம்வரை நடந்தோம். அங்கே போன பிறகுதான் சித்தியின் கை நடுங்கியதைப் பார்த்தேன். எனக்கு ஒரு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போர்மேன் அண்ணாச்சி வந்தார். கத்தியை வாங்கினார். பக்கத்தில் கிடந்த கருங்கல்லில் அதன் முதுகை ஒரு உரசு உரசினார். பட்டப்பகலில் அந்தப் பொறி எனக்குத் தெரிந்தது.

“இரும்புல உரசுன தூளு காத்துலயே எரியும்யா. அதுதான் இந்தப் பொறி. பித்தளைத் தூளு எரியாது, மரத்துல பொறி வராது. மழுங்கலா இருக்கேன்னு நெனக்கிற. அந்த மழுங்கலாலதான் நாலு பேரும் வீட்டுக்குப் போறோம். கூர் போதலைன்னா எங்கிட்டக் கேளு. வெளிய வச்சுத் தேச்சுத் தாரேன். ஆளுக்கு ரெண்டு கத்தி வச்சுக்க.”

மூன்று நாள் வேலை கிடையாது என்று அனுப்பினார். திரும்பிப் போனபோது நிஜமாகவே எங்கள் அறைக்கு இரண்டிரண்டு பித்தளைக் கத்தி வந்திருந்தது. ஒன்று வெட்ட, ஒன்று தேய்த்து வர. ஒரு மழுங்கல் கத்திக்கு இன்னொரு கத்தி துணை. அதற்குப் பிறகு என் கட்டும் சித்தியின் கட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அந்த அண்ணாச்சியை நான் மறக்கவே மாட்டேன். ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த விதியோடு வேலை செய்யத் தேவையான சாமானையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்.

பிற்பாடு காலம் மாறியது. லைசென்ஸ் ஒருவர் பேரில், அறைகள் உள்குத்தகைக்கு இன்னும் பத்துப் பேரிடம் என்று பல இடங்களில் ஆகிப்போனது. அறையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒரு சீசனில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அவர் மருந்து வாங்குவார், காகிதம் வாங்குவார், ஆளைக் கூப்பிடுவார். பித்தளைக் கத்தியும் ரப்பர் விரிப்பும் அவர் கணக்கில் வராது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். காலைக் குளிர்ச்சியில் முடிக்க வேண்டிய மருந்துக் கலவை உச்சிவெயில்வரை நீளும். குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்க்கக் கூடாது என்று 1992-லேயே தடை வந்துவிட்டது. உராய்வு பட்டாலே சீறுகிற சேர்மானம் அது. தடை தாளில் இருக்கிறது. கையில் இருப்பது எது என்பதுதான் கேள்வி.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அதில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். வெறுங்கையோடு ஓடினார்கள்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது. அச்சங்குளம் என்று டெல்லிச் செய்தியிலும் சொன்னார்கள். பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 20 உயிர்கள். ரசாயனத்தைக் கையாளும்போது ஏற்பட்ட உராய்வு என்று சொன்னார்கள். நான் அப்போது சாத்தூரில் கடையில் இருந்தேன். போன் வந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுக்க ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போலீசும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்கு அது போதும், பார்க்காதவர்களுக்கு வேண்டாம்.

மறுநாள் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பக்கத்து ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் வீடு ஒன்றில் சாவு. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அந்த ஊர்ச் சுடுகாட்டுப் பாதை சீமைக்கருவேலம் மூடி, ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் இருந்தது. வேன் போக வழி வேண்டும். பத்துப் பன்னிரண்டு பையன்கள் இறங்கினார்கள். எல்லார் கையிலும் அரிவாள். எல்லார் கண்ணும் ராத்திரி முழுக்க அழுது வீங்கியிருந்தது. வெறி வந்தது போல வெட்டினார்கள். வெட்டிய கிளை அவர்கள் மேலேயே சாய்ந்தது. கையால் இழுத்தார்கள். ஒரு பையன் உள்ளங்காலில் முள் ஏறி உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் அடிமரத்தை அரிவாளால் கொத்திக்கொண்டே இருந்தான். அரை மணி நேரத்தில் பத்தடிகூட நகரவில்லை. தெருமுனையில் வேன் சத்தம் எந்த நிமிஷமும் கேட்டுவிடும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு அச்சங்குளம் வீட்டுக்குப் போனேன். தாத்தா இறந்து பதினேழு வருஷம். சாக்கு பரண்மேல் இருந்தது. தூசியைத் தட்டக்கூட நிற்கவில்லை. கடப்பாரையையும் தொரட்டியையும் கவட்டைக் கம்பையும் பின்னால் உட்கார்ந்த பையன் தோளில் சாத்திக்கொண்டான். திரும்பிப் போய், இரண்டு பேர் கவட்டையால் அணைத்துப் பிடிக்க, இரண்டு பேர் மட்டும் வெட்ட, ஒருவன் தொரட்டியால் இழுக்க, பெரிய மரத்துக்குக் கோடாலி என்று பிரித்தேன். மற்றவர்களை அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். முள் ஏறிய பையனுக்குத் தாத்தாவின் முள்வாங்கியால் நானே எடுத்தேன். துருப்பிடித்திருந்தாலும் அதன் பிடி தளரவில்லை. வேன் வந்தபோது பாதை திறந்திருந்தது. ஒரு முள் குச்சிகூட வண்டியில் உரசவில்லை.

அந்தப் பையன்களில் நாலைந்து பேர் பிறகு என் கடைக்கு வந்தார்கள். சாத்தூரில் நான் வைத்திருப்பது சின்ன இரும்புச் சாமான் கடைதான். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது, அரிவாள் கேட்டு வருகிறவர்கள் பத்துப் பேர் என்றால், கூடவே தீட்டுக்கல் கேட்கிறவர் ஒருவர். கவட்டைக்கும் தொரட்டிக்கும் காம்பு கேட்கிறவர் அரிது. திருப்பாச்சேத்தி அரிவாளா என்று கேட்டு வாங்கி, காற்றில் ஒரு வீசு வீசிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். வீட்டில் என்ன வேலைக்கு என்று கேட்டால், “எல்லாத்துக்கும்தான் அண்ணாச்சி” என்கிறார்கள். எல்லாத்துக்கும் என்று சொல்கிறவர்களிடம் நான் அரிவாள் விற்கும்போது தழும்பைக் காட்டுகிறேன். ஒரு சின்னக் கடப்பாரையும் முள்வாங்கியும் சேர்த்து எடுத்தால் அரிவாள் விலையில் குறைத்துத் தருகிறேன். வியாபாரத்துக்கு இது சரிப்படாது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் கேட்பதில்லை.

இன்னொரு கூட்டமும் கடைக்கு வரும். சீசன் நேரத்தில் இரும்புச் சுரண்டி, இரும்புக் கரண்டி, பிளேடு மொத்தமாகக் கேட்டு வருவார்கள். யார், எந்த அறை என்று சொல்லமாட்டார்கள். கேட்கிற எண்ணிக்கையும் கை விரலிடுக்கில் மின்னுகிற வெள்ளியும் சொல்லிவிடும். எவ்வளவு கேட்டாலும் அவர்களுக்கு நான் இரும்பு கொடுப்பதில்லை. பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்துக் கத்தியும் சுரண்டியும் அடித்துத் தர ஒரு ஆசாரியைப் பிடித்து வைத்திருக்கிறேன். அடக்க விலைக்கே தருகிறேன். விலை ஒன்றுக்கு மூன்று மடங்கு இருக்கிறதே என்று சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வேறு கடையில் இரும்பு வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வராது.

ஆகையால் அறையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. காகிதம் வாங்குகிற கணக்கில் பித்தளையையும் சேருங்கள். ஆளுக்கு ஒரு கத்தி போதாது, இரண்டு கொடுங்கள். தேய்த்துத் தர வெளியே ஒரு ஆளை உட்கார வையுங்கள். உள்ளே உட்காருகிற அக்கா, தங்கச்சி, சித்திமாருக்கும் ஒரு வார்த்தை. இரும்பை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். பித்தளை வரட்டும் என்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்காருங்கள். ஒருநாள் கூலி போகும். என்னை வெளியே கூட்டி வந்த அன்றைக்கு என் சித்திக்கும் அரைநாள் கூலி போனது. அவருக்கு இப்போது எழுபது வயது, ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.